சொக்கலிங்கத்தின் மகள் எழுதிய சிரிப்பு

'பொம்பள சிரிச்சா போச்சு, பொயில விரிச்சா போச்சு' என்று சொல்லாத பாட்டி கொஸ்லந்தயிலிருந்து பூனாகலை வரையில் ஒரு லயத்திலாவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்த வேண்டும். ஆண்கள் இருக்கும் இடத்தில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கணவனை இழந்தவள் என்றால் அதுவும் இல்லை. அவள் ஒரு நாள் கொழுந்து மலையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டால் மறுநாள் பீலிக்கரையில் அதுதான் பேச்சு.

யுத்தத்தில் மகனையோ கணவனையோ தொலைத்துவிட்டு இன்றும் காத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. மற்றவர்கள் சொல்வது ஒரு புறம் இருக்கட்டும். தாமே தமக்குச் சொல்லிக்கொள்கிறார்கள்: நான் சிரித்தால் பிள்ளையை மறந்துவிட்டேன் என்று ஆகிவிடுமே என்று.

இந்த இதழில் ஒரு நூலை அறிமுகம் செய்ய நினைத்தபோது இதையெல்லாம் யோசிக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் நூல் சிரிப்பைப் பற்றியது. எழுதியவர் சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண். அமெரிக்காவில் பிறந்தவர். பெயர் மின்டி கேலிங். பெயரைக் கேட்டால் நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அவருடைய முழுப் பெயர் வேரா மின்டி சொக்கலிங்கம். இப்போது கொஞ்சம் கிட்ட வந்துவிட்டார் அல்லவா?

தந்தை ஆவுடையப்பன் சொக்கலிங்கம் தமிழர், கட்டடக் கலைஞர். தாய் ஸ்வாதி வங்காளி, பிரசவ வைத்தியர். இருவரும் சந்தித்தது இந்தியாவில் அல்ல, ஆபிரிக்காவிலுள்ள நைஜீரியாவில். தாய் வேலைசெய்த வைத்தியசாலையில் ஒரு கட்டடம் எழும்பியது. அந்த வேலையைப் பார்க்க வந்தவர் தந்தை. 1979இல் அமெரிக்காவுக்குப் போனார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் மகள் பிறந்தாள். 'மொர்க் அன்ட் மின்டி' என்ற அமெரிக்கச் சிரிப்பு நாடகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த பெற்றோர், அந்த நாட்டுக்கு ஏற்ற பெயராக இருக்கட்டும் என்று மின்டி என வைத்தார்கள். பிறகு மேடையில் அறிவிப்பவர்களின் வாயில் 'சொக்கலிங்கம்' நுழையவில்லை என்பதால் அதன் நடுவில் கிடந்த துண்டை மட்டும் எடுத்து 'கேலிங்' ஆக்கிக்கொண்டார். தோட்டத்துப் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களில் எழுதுபவரின் விருப்பத்துக்கு ஏற்ப நம்முடைய பெயர்கள் குறைந்ததும் கூடியதும் நமக்குத் தெரியாததா? இவர் தம்முடைய பெயரைத் தாமே வெட்டிக்கொண்டார். அது ஒரு வித்தியாசம்.

2011இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரைத் தமிழில் சொன்னால், 'என்னை விட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து பொழுதுபோக்குகிறார்களா?' என்று வரும். இந்தத் தலைப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். சாமத்திய வீட்டுக்குக் கூப்பிடாமல் விட்ட பக்கத்துக் காம்பராக்காரி மனதில் ஓடுவதும் இதே கேள்விதானே. நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. இரவல் வாங்கிப் படித்துவிட்டு, நமது மாதர் சங்கத்துச் சகோதரிகளுக்கு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் கதையாகச் சொன்னேன். இங்கே எழுதுவது அதையும் சேர்த்துத்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவர் வறுமையில் வளர்ந்தவர் அல்லர். வைத்தியரின் மகள், நல்ல பாடசாலை, பெயர்பெற்ற டார்ட்மவுத் பல்கலைக்கழகம். நூலில் பல பக்கங்கள் அமெரிக்கச் சினிமாக்காரர்களைப் பற்றியும் உடுப்பு, விருந்துகளைப் பற்றியும் போகின்றன. அவற்றை நான் புரட்டிவிட்டுப் போனேன், நீங்களும் அப்படியே செய்வீர்கள். அவர் பட்ட கஷ்டம் நாம் பட்ட கஷ்டத்தோடு நிற்காது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் ஒரேயொரு பெண்ணாக நிற்பது, உடம்பைப் பார்த்துக் கேலி செய்பவர்கள் முன்னால் போய் நிற்பது, இவற்றை எழுதும் இடங்களில் அவர் நமக்குப் பக்கத்துக் காம்பராதான்.

பாடசாலையில் உடல் பருமனுக்காகக் கேலிசெய்யப்பட்டவர். நிறமும் அங்கே வேறு. நம்முடைய சினிமாவில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? கதாநாயகியின் தோழி. அவளைப் பார்த்துக் கதாநாயகனின் நண்பன் ஒரு வார்த்தை சொல்வான், கொட்டகையே சிரிக்கும். அந்த வார்த்தையை எழுதியவன் ஓர் ஆண். வாங்கிக்கொண்டு முழித்தவள் பெண். கேலிங் செய்தது என்னவென்றால், எழுதும் பேனையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். என்னைப் பற்றிச் சிரிப்பதாக இருந்தால் அதை நான் எழுதுகிறேன் என்று.

எடுத்த உடனே கிடைத்துவிடவில்லை. படிப்பு முடிந்து நியூயோர்க் நகரத்தில் சிநேகிதிகளோடு ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு பிள்ளை பார்க்கும் வேலை செய்தார். வேலை இல்லாத நேரத்தில் சிநேகிதி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு நாடகம் எழுதினார். 'மட் அன்ட் பென்' என்று பெயர். அமெரிக்காவில் புகழ்பெற்ற இரண்டு ஆண் நடிகர்களைப் பற்றிய கேலி நாடகம். அந்த இரண்டு ஆண்களாகவும் நடித்தவர்கள் இந்த இரண்டு பெண்களும்தான்! 2002இல் நியூயோர்க்கில் நடந்த நாடக விழாவில் அது முதற்பரிசு பெற்றது. ஒரு முறை மேடையில் சண்டைக் காட்சியில் கை தவறிப் பட்டு, உண்மையாகவே சிநேகிதியின் மூக்கை உடைத்துவிட்டதாக எழுதுகிறார்.

இதைச் சொன்னபோது நமது சங்கத்தில் ஒரே சிரிப்பு. மாசி மாதம் நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் ரதியாக வருவது வழமையாக ஓர் ஆண்பிள்ளைதான். சேலை கட்டி, சவரி வைத்து, கணவன் எரிந்துபோனான் என்று ரதி ஒப்பாரி வைக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கும் நாம் எல்லோரும் அழுவோம். "நம்ம அழுகைய கூட ஆம்பளைங்கதான் ஆடிக் காட்றாங்க டீச்சர்" என்றார் ஓர் அக்கா. "நாங்க ஒரு தடவ காமனா ஆடிப் பாக்கணும்." அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த நாடகத்தின் மூலம் அவருக்கு ஒரு கதவு திறந்தது. 2004இல், 24 வயதில், 'தி ஒபிஸ்' என்ற தொலைக்காட்சிச் சிரிப்புத் தொடருக்கு எழுத எடுத்தார்கள். தொடக்கத்தில் எழுதுபவர்கள் எட்டுப் பேர். அதில் பெண் இவர் ஒருவர்தான். நமது ஆண்கள் நிறைந்த தொழிற்சங்கக் கூட்டங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் மாதர் தலைவியை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் மூலையில் உட்காரவில்லை. தலைமை எழுத்தாளர் கிரெக் டானியல்ஸ் என்பவரோடு அடிக்கடி வாக்குவாதம் செய்வார். ஒரு நாள் அவர் பொறுமை இழந்து, எதற்கெடுத்தாலும் எதிர்ப்பதென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். கேலிங் எழுந்து போய்விட்டார். போகும்போது கோபத்தில் அங்கிருந்த தண்ணீர்ப் போத்தல்களையும் எடுத்துக்கொண்டு போனாராம்! காரை ஓட்டிக்கொண்டு சுற்றி, நகம் அழகுபடுத்தும் கடையொன்றில் போய் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நான் விரும்பிய வேலை அங்கே இருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று. திரும்பிப் போய்த் தம்முடைய கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. அவமானப்பட்டு வெளியே போன பெண் அப்படியே போய்விடுவதைத்தான் கதைகளில் படித்திருக்கிறோம். இல்லாவிட்டால் சவால் விட்டு ஜெயிப்பாள். இவர் இரண்டும் செய்யவில்லை. கோபப்பட்டார், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார், யோசித்தார், வந்தார். நாம் அன்றாடம் செய்வதும் இதுதானே. பெரட்டுக் களத்தில் கங்காணி ஏசிவிட்டார் என்று கூடையைப் போட்டுவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அரைப் பேராவது விழட்டும் என்று மறுபடி மலை ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்.

அந்தத் தொடருக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகளை எழுதினார். கெலி கபூர் என்ற பாத்திரமாக நடிக்கவும் செய்தார். 2006இல் ஒளிபரப்பான ஒரு பகுதி முழுவதும் தீபாவளியைப் பற்றியது. எழுதியவர் இவர். அதில் கெலியின் அப்பா அம்மாவாக வருபவர்கள் வேறு நடிகர்கள் அல்லர், இவருடைய சொந்த அப்பாவும் அம்மாவும்தான். 2010இல் இன்னொரு பகுதிக்காக, அதே கிரெக் டானியல்ஸோடு சேர்ந்து, சிறந்த நகைச்சுவை எழுத்துக்கான எமி விருதுக்குப் பிரேரிக்கப்பட்டார். எமி என்றால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய விருது.

இன்னொரு கதையையும் சொல்லாமல் விட முடியாது. அழகானவர்களைப் படம் பிடித்துப் போடும் ஒரு பெரிய சஞ்சிகைக்காக இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். உடுப்புகளைக் கொண்டுவந்தவர் கொண்டுவந்ததெல்லாம் ஈர்க்குக் குச்சிபோன்ற பெண்களுக்கு ஏற்ற அளவு. ஒன்றும் இவருக்குப் பொருந்தவில்லை. கழிவறைக்குள் போய் அழுதிருக்கிறார். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, இருந்ததிலேயே தமக்குப் பிடித்த அழகான சட்டையைக் காட்டி, இதைத்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டார். வேறு வழி? தையற்காரப் பெண் சட்டையின் முதுகைக் கிழித்து ஒரு துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தார். முன்னால் இருந்து எடுத்த படத்தில் அது தெரியவில்லை. நமது சங்கத்தில் தையல் படித்த தங்கச்சி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, அப்படி வெட்டியிருக்கக் கூடாது, பக்கத் தையலைப் பிரித்துத் துண்டு வைத்திருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கம் கொடுத்தாள்.

பெற்றோரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றியும் எழுதுகிறார். காதல், தியாகம் என்று பெரிய வார்த்தை எதுவும் இல்லை. இரண்டு பேரும் கூட்டாளிகள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்க விருப்பம் உள்ளவர்கள், அவ்வளவுதான் என்கிறார். திருமணத்தைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் இல்லாத ஒன்று இது. கணவரோடு பேசச் சிரிக்க ஏதாவது இருந்ததா என்று நம்மிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தாரா, குடித்தாரா, அடித்தாரா என்று மட்டுமே கேட்பார்கள்.

இந்த நூல் வெளிவந்த சில மாதங்களில், 2012 ஜனவரி 30ஆம் திகதி, தாய் ஸ்வாதி புற்றுநோயால் இறந்துபோனார். அதே நாளில்தான் கேலிங் தலைமையேற்று எழுதி நடிக்க இருந்த 'தி மின்டி புரொஜெக்ட்' என்ற தொடருக்கு அனுமதி கிடைத்தது. அதில் அவர் ஏற்ற பாத்திரம் ஒரு பிரசவ வைத்தியர். தாயின் தொழில். 2017 வரை அந்தச் சிரிப்புத் தொடர் ஓடியது. தாய் இறந்த வீட்டில் இருந்துகொண்டு ஊரைச் சிரிக்கவைக்கும் வசனத்தை ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவள் அம்மாவை மறந்துவிட்டாளா? அவளுடைய மூத்த மகளின் பெயரில் ஸ்வாதி என்பதும் இருக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சங்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்களில் ஒருவர் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர். 1977இலும் 1983இலும் அடிபட்டு, இனி இந்த மலையில் இருக்க முடியாது என்று கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே போனால் பாதுகாப்பு என்று போனவர்களைத்தான் யுத்தம் முழுமையாகப் பிடித்துக்கொண்டது. இங்கேயே இருந்தவர்களும் தப்பவில்லை. சுற்றிவளைப்புகளும் கைதுகளும் வந்தன. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமில் நடந்த கொலைகளை இந்தப் பகுதியில் யார் மறப்பார்கள்? பிறகு 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலையே சரிந்து லயங்களை மூடியது. அழுவதற்கு இங்கே காரணம் குறைந்ததே இல்லை.

கேலிங்கின் கதை இன்னொரு வழியில் யுத்தத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. 2019இல் அவர் ஒரு புதிய சிரிப்புத் தொடருக்காக ஓர் இளம் பெண்ணைத் தேடினார். யாரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்ததில் சுமார் 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தெரிவானவர் கனடாவின் மிஸிஸாகா நகரைச் சேர்ந்த 17 வயது மாணவி, மைத்ரேயி இராமகிருஷ்ணன். இலங்கையில் நடந்த யுத்தத்தினால் அகதிகளாகக் கனடாவுக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. நடிப்பில் அனுபவம் என்றால் பாடசாலை நாடகம்தான். சிநேகிதியோடு நூலகத்துக்குப் போய் அங்கே ஒளிப்பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்.

'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற அந்தத் தொடர் 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களாக வெளிவந்தது. அதன் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? மரணத்தில். தேவி என்ற தமிழ்ப் பிள்ளை பாடசாலை இசை நிகழ்ச்சியில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பார்த்துக்கொண்டிருந்த அப்பா மாரடைப்பால் விழுந்து இறந்துபோகிறார். அதிர்ச்சியில் மகளின் கால்கள் சில மாதங்கள் செயலிழந்துபோகின்றன. கணவரை இழந்த தாய் நளினியாக நடிப்பவர் பூர்ணா ஜெகன்நாதன். கோபக்காரத் தாய், கோபக்கார மகள், இருவருக்கும் இடையில் பேசப்படாத ஒரு சாவு. இந்தியாவிலிருந்து வந்து கூட இருக்கும் மாமியார் வேறு. தாய் இன்னோர் ஆணோடு பழகத் தொடங்கும்போது மகள் கொதிக்கிறாள். இது சோக நாடகம் என்றுதானே நினைப்பீர்கள்? முழுக்க முழுக்கச் சிரிப்பு. இளவட்டங்களின் காதல் பேச்சு சற்று அதிகம், பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும் முன் நீங்கள் தனியாக ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் இழவு நடந்த வீட்டில் சிரிப்பும் அழுகையும் ஒரே பாயில் படுத்திருக்கும் என்பதை அறிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

சிரிக்கவைத்த பெண்கள் நம் தமிழிலும் இருந்தார்கள். மனோரமா ஆச்சியை எல்லோருக்கும் தெரியும். 1937இல் பிறந்து, பள்ளத்தூரில் வீட்டு வேலை செய்த தாயின் கையில் வளர்ந்து, நாடக மேடை ஏறி, 1958இல் 'மாலையிட்ட மங்கை' படத்தில் வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துவிட்டு 2015இல் மறைந்தார். டி.ஏ. மதுரத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் மனைவி, அவருக்கு ஈடாக நின்று சிரிக்கவைத்தவர். 1940களில் ஒரு கொலை வழக்கில் கலைவாணர் சிறைக்குப் போனார். 1947இல் விடுதலையாகும் வரை மதுரம் நாடகக் குழுவைக் கட்டிக் காத்து, வழக்குச் செலவுக்கும் வழி பார்த்தார். கணவன் சிறையில். மனைவி மேடையில் நின்று சிரிக்கவைக்கிறாள், வழக்குக்குப் பணம் வேண்டும் என்று. வெலிக்கடைக்கும் பூசாவுக்கும் சோற்றுப் பொதியோடு அலைந்த நம் சகோதரிகளுக்கு அந்த வருடங்கள் எப்படிப் போயிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

2015இல் கேலிங் இன்னொரு நூலும் எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஓர் இந்தியச் சிறுமி கூட்டமொன்றில் எழுந்து, உங்களுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டதைச் சொல்கிறார். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டாராம். அந்தப் பிள்ளையின் முகம் வாடியது பிறகு மனதை அரித்ததால், நூலில் முழுப் பதிலையும் எழுதுகிறார். தன்னம்பிக்கை வானத்திலிருந்து விழாது, வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டவளுக்குத்தான் அது வரும் என்பது அவர் கருத்தின் சாரம். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தேயிலை மலையில் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு என்ன குறை? நாளுக்கு இருபது கிலோ எடுப்பவளிடமும் நிமிர்ந்து பேசாதே என்றுதானே சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தப் பதில் அமெரிக்காவில் சரியாக இருக்கலாம்.

ஒரு சின்ன விடயம். 2019இல் கேலிங்கும் கமலா ஹரிஸும் சேர்ந்து மசாலைத் தோசை சுட்ட ஒரு காணொளி வந்தது. கமலாவின் தாய் சியாமளாவும் தமிழ்ப் பெண். அதற்கு அடுத்த ஆண்டுதான் கமலா உதவி ஜனாதிபதியாகத் தெரிவானார். தோசையை விட எனக்கு அதில் பிடித்தது, இரண்டு வீட்டிலும் பெற்றோர் சரக்குத் தூள்களைப் பழைய கோப்பிப் போத்தலில் போட்டு வைத்திருந்தார்கள் என்று கண்டுபிடித்து இருவரும் துள்ளிக் குதிப்பது. நம் அடுப்படியில் ஹோர்லிக்ஸ் போத்தலில் இருப்பது மல்லித்தூள். திறந்து பார்த்து ஏமாந்த பிள்ளைகளைக் கேளுங்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, வன்னியிலிருந்து வந்த அந்த அக்கா தாமாகவே பேசத் தொடங்கினார். அதுவரை முகாம் கதையைக்கூட அவர் சொன்னதில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஓர் இரவு பங்கருக்குள் பதினொரு பேர். அவருடைய மாமியார் தம்முடைய பெட்டைக் கோழியையும் மடியில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, கோழி கொக்கரிக்கத் தொடங்கியது. சும்மா இரு என்று மாமியார் ஏச, கோழி இன்னும் கத்த, கடைசியில் மாமியாரின் மடியிலேயே முட்டை போட்டுவிட்டது. "அப்ப நாங்க சிரிச்ச சிரிப்புல ஷெல் சத்தமே கேக்கல டீச்சர்" என்றார். அந்த மாமியாரும் அந்தப் பதினொரு பேரில் வேறு நான்கு பேரும் இன்று இல்லை. அதையும் சொன்னார்.

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே மறுபடியும் சிரித்தார். பிறகு, "அந்த முட்டைய என்னா செஞ்சீங்க?" என்று பின்னால் இருந்து யாரோ கேட்டார்கள்.

"அவிச்சு பதினொரு பேரும் பங்கு போட்டோம்."